சும்மா வரும் ரேஸ் குதிரையா, அந்தியூர்க் குதிரையா, மாத வாடகையா?

செங்கல்பட்டுப் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. "அஞ்சு வயசு ரேஸ் குதிரை ஒண்ணு இருக்கு. இனி ஓட்டப்போறதில்லை, காசே வேண்டாம், கொண்டுபோங்கன்னு சொல்றாங்க. வீட்ல அந்தியூர் சந்தையில நாட்டுக் குதிரை வாங்கலாம்ங்கறாங்க. சவாரி கத்துக்க ஆரம்பிச்சு ஒரு வருஷம்தான் ஆச்சு. எது சரி?"

2024-இல் உதகைப் பந்தய மைதானத்தையும், அதற்குச் சில மாதம் கழித்துக் கிண்டியையும் அரசு கையில் எடுத்ததிலிருந்து இதே கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருக்கிறது. எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். மாட்டுக்குச் சரி. தானமாக வரும் குதிரைக்குப் பல்லையும் பாருங்கள், நாலு காலையும் பாருங்கள், முடிந்தால் ஸ்கேனும் எடுங்கள். அஞ்சு வயசில் "ஓய்வு" பெறும் குதிரை இன்னும் இருபது வருஷம் உயிரோடு இருக்கும். விலை ஒருநாள் செலவு. அந்த இருபது வருஷம்தான் நீங்கள் உண்மையில் வாங்குவது.

## எதை வைத்து முடிவெடுப்பது

குதிரையைப் பார்க்கப் போகுமுன் ஐந்து விஷயங்களுக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குதிரையைப் பார்த்த பிறகு எழுதினால் பதில் மாறிவிடும். அதன் கண்ணைப் பார்த்தவர்கள் யாரும் கணக்குப் போடுவதில்லை.

முதலாவது உங்கள் சவாரி. கேன்டரில், அதாவது மிதமான பாய்ச்சலில், போகும் குதிரை திடீரென்று பக்கவாட்டில் துள்ளினால் உட்கார்ந்திருப்பீர்களா? "பெரும்பாலும்" என்பது பதிலானால் அதை "இல்லை" என்றே எழுதுங்கள்.

இரண்டாவது, தினமும் குதிரையோடு இருக்கப்போகும் ஆள். வாரக் கடைசியில் வந்து போகிற முதலாளியை விட, காலை அஞ்சரைக்குச் சாணம் அள்ளுகிற லாயத்து ஆளான சைஸ்தான் குதிரையை உருவாக்குகிறார்.

மூன்றாவது மாதச் செலவு. ரூபாயில் எழுதினால் ஆறு மாதத்தில் பழசாகிவிடும், ஆகவே அளவுகளைத் தருகிறேன், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். குதிரை தன் எடையில் சுமார் 2 சதவீதம் உலர்தீவனம் தின்னும். 450 கிலோ ரேஸ் குதிரைக்கு நாளொன்றுக்கு 9 கிலோ, மாதம் 270 கிலோ. பசும்புல்லாகக் கொடுத்தால் அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் எடை பல மடங்கு கூடும். தண்ணீர் தினம் 30 லிட்டருக்கு மேல், வெயில் காலத்தில் இன்னும் அதிகம். லாடம் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை. இவற்றோடு சைஸ் சம்பளம், பூச்சி மருந்து, டெட்டனஸ் ஊசி, வருஷத்துக்கு ஒருமுறை பல் ராவுதல்.

நான்காவது இடமும் வெயிலும். ஐந்தாவது, உங்களால் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் குதிரை எங்கே போகும் என்பது. இந்த ஐந்தாவதை யாரும் எழுதுவதில்லை.

## வழி 1: மைதானத்திலிருந்து நேராக வரும் ரேஸ் குதிரை

அழகு, வேகம், கற்றுக்கொள்ளும் புத்தி மூன்றும் சேர்ந்து இவ்வளவு குறைந்த விலையில் வேறு எந்தக் குதிரையிலும் கிடைக்காது. தரோபிரெட் என்ற இந்த இனம் மனிதரோடேயே வளர்கிறது. குளிப்பாட்டல், வண்டியில் ஏற்றல், லாடக்காரர், டாக்டர், மைக், கூட்டம் எல்லாமே அதற்குப் பழக்கம். நம் ஊர் சவாரிப் பள்ளிகளில் நிற்கும் உயரமான குதிரைகளில் ஏராளமானவை ஒருகாலத்தில் பந்தயம் ஓடியவைதான்.

ஆனால் அதற்கு என்ன தெரியாது என்பதைப் பார்க்க வேண்டும்.

நான் முதன்முதலில் ஒரு ரேஸ் குதிரைமேல் ஏறப்போன காலை நன்றாக நினைவிருக்கிறது. சிமெண்டுத் திண்டுமேல் நின்று இடது காலை அங்கவடியில் வைத்தேன். குதிரை நடக்கத் தொடங்கிவிட்டது. இழுத்துப் பிடித்தேன், வேகமாக நடந்தது. மறுபடியும் திண்டுக்கு அழைத்து வந்தேன், மறுபடியும் அதே கதை. நாலாவது தடவை, பந்தய லாயங்களில் முப்பது வருஷம் இருந்த சைஸ் அண்ணன் ஒருவர் சிரித்தார். "தம்பி, அவனை யாரும் நிக்கச் சொல்லித் தரல. நடந்துக்கிட்டே இருப்பான், ஜாக்கி காலைத் தூக்கிவிடுவோம், ஏறுவாரு, போய்க்கிட்டே இருப்பான். நீ செய்யறது அவனுக்குப் புதுசு."

இழுத்துப் பிடித்ததும் ஏன் வேகம் கூடியது என்பதற்கும் அவரிடமே பதில் இருந்தது. பந்தயக் குதிரை வாய் இரும்பின்மேல் சாய்ந்து ஓடப் பழகியது. ஜாக்கி கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் அதற்குப் பொருள் "தயாராகு". நாம் பயந்துபோய் இழுக்கிறோம், அது கீழ்ப்படிந்து ஓடுகிறது. பிறகு "அடங்காத குதிரை" என்று பெயர் வைக்கிறோம்.

கால்களால் அணைத்துச் செய்தி சொல்வதும் அதற்குத் தெரியாது. ஜாக்கியின் கால் குட்டை அங்கவடியில் மேலே மடங்கி இருக்கும், விலாவில் படாது. நம் நீளக்கால் முதன்முதலில் பட்டதும் திடுக்கிடுகிறது. ஒரே திசையில் வளைந்து ஓடிய குதிரைக்கு மறுபக்கம் வளைவது, நாம் இடது கையால் எழுதுவது போல. இவையெல்லாம் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்தில் சரியாகும். சொல்லித்தரத் தெரிந்தவர் தினமும் கூட இருந்தால் மட்டுமே.

வந்த முதல் வாரமே சவாரி ஆரம்பிப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. பந்தயத் தீனி ஓட்ஸும் மற்றத் தானியங்களுமாகக் கொதிப்பான தீனி. இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக அதைக் குறைத்துப் புல்லைக் கூட்ட வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் வயிற்று வலி, அதாவது கோலிக். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் கோலிக் உயிரையே எடுக்கும். பந்தயத்தில் இருந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண்ணும் இருக்கும். இளைத்துப்போய், தீனியைப் பாதியில் விட்டு, வயிற்றுப்பட்டையைக் கட்டும்போது கடிக்க வந்தால் கெட்ட குணம் என்று முடிவு கட்டாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். நாளில் பெரும்பொழுது லாயத்திலேயே நின்ற குதிரையை மூன்று ஏக்கரில் திறந்துவிட்டால் வேலிவரை ஓடும், வேலியில் நிற்காது. முதலில் சின்னப் பட்டி, பக்கத்தில் துணைக்கு இன்னொரு மிருகம். ஒரு கழுதை போதும்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது கால். முன்னங்காலின் பின்புறம், முழங்காலுக்குக் கீழே கயிறு போல ஓடும் தசைநாண்தான் பந்தயக் குதிரையின் பலவீனம். வில் போல் வளைந்த வீக்கம் தெரிந்தால் யாருக்கும் புரியும். பிரச்சினை தெரியாதவற்றில்தான். என் முதல் குதிரைக்கு "லேசான வீக்கம், ஐஸ் வெச்சா போயிடும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நானும் நம்பினேன். மூன்றாவது மாதம் நொண்டியது, ஸ்கேன் எடுத்தால் நாணில் பழைய கிழிசல். அடுத்த பத்து மாதம் நான் குதிரை ஓட்டவில்லை, குதிரையைக் கையில் பிடித்து நடந்தேன். ஐஸ் சொன்னவரைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்கேன் எடுக்காதது நான். அன்றிலிருந்து எந்தக் குதிரையைப் பார்த்தாலும் முதலில் இரண்டு முன்னங்கால்களையும் இரண்டு கைகளால் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்ப்பேன். காலையில், வேலைக்குமுன். ஒன்று மற்றதை விடச் சூடாக இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

இரண்டாவது குளம்பு. பந்தயத்துக்கு அலுமினிய லாடம், மெல்லிய உள்ளங்கால். இரும்புக்கு மாறும் காலத்தில் நல்ல லாடக்காரர் கிடைக்காவிட்டால் கல்லில் நடக்கத் தடுமாறும். மூன்றாவது சேணம். ஒல்லியாக வரும் குதிரைக்கு முதுகில் சதை பிடிக்கப் பிடிக்கச் சேணத்தின் அளவு மாறும். ஒரு வருஷத்தில் இரண்டு சேணம் வாங்கியவர்களைத் தெரியும்.

நான்காவது நம் கடலோர வெயில். ஈரமும் சூடும் சேர்ந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்வை சுரப்பதே நின்றுபோகும். வெள்ளைக்காரர் காலத்தில் குளிர்நாட்டிலிருந்து இங்கே வந்த குதிரைகளிலேயே கவனிக்கப்பட்ட கோளாறு இது. மதியம் இரண்டு மணிக்குக் குதிரை மூச்சிரைக்க, உடம்பு காய்ந்திருந்தால் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். மின்விசிறி ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் கடலூர் மே மாதத்தில் ஒரு தரோபிரெட் வைத்துப் பார்க்கட்டும்.

எப்போது இதுவே சரி? நீங்களே நன்றாக ஓட்டுவீர்கள், தடை தாண்டலோ, டிரெஸ்ஸாஜ் என்ற ஒழுங்கு நடையோ பழக ஆசை, பயிற்சியாளர் உண்டு, ஆறு மாதம் ஏறாமலே காத்திருக்க மனசு உண்டு என்றால் இதைவிட நல்ல பேரம் கிடையாது.

## வழி 2: மறுபயிற்சி முடிந்த ரேஸ் குதிரை

மேலே சொன்ன அத்தனை வேலையையும் இன்னொருவர் செய்து முடித்த குதிரை. ஓட்டத்தை விட்டு ஒரு வருஷமாவது ஆகி, ஏதாவது சவாரிப் பள்ளியில் பல பேரைச் சுமந்திருக்கும். பிரிட்டனில் இதற்கென்றே பந்தயத் துறை 2000-இல் தனி அமைப்பு தொடங்கியது. அமெரிக்காவில் ஓய்வுபெற்ற குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களைச் சோதித்துச் சான்றளித்து நிதி கொடுக்கும் கூட்டமைப்பு 2012-இல் வந்தது. இங்கே பெரும்பாலும் அந்த வேலை சவாரிப் பள்ளிகளின் தலையில்தான் விழுகிறது. அதனால் அவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். ஒரு வருஷத் தீனியும் ஒரு ஆளின் ஒரு வருஷக் காலை நேரமும் அதில் இருக்கிறது.

விலை கூடுதல் என்பது மேலோட்டமான குறை. உண்மையான குறை வேறு: பள்ளி தன் நல்ல குதிரையை ஏன் விற்கிறது? வயசாகிவிட்டதா, ஒரு கால் ஓய்ந்துவிட்டதா, புதுசாகக் கற்பவர்களைத் தள்ளிவிடுகிறதா? நேராகக் கேளுங்கள். பிறகு சொல்லாமல் இன்னொரு நாள் போய், வேறொரு மாணவர் அதே குதிரையை ஓட்டுவதை ஓரமாக நின்று பாருங்கள். வேலியோரம் இருபது நிமிஷம் நின்றால் விற்பவர் சொல்லாதது தெரிந்துவிடும்.

பள்ளியில் நாளுக்கு மூன்று மணி நேரம் வேலை செய்த குதிரை உங்களிடம் வந்து வாரம் இரண்டு நாள் மட்டும் வேலை செய்தால் அதே சாந்தம் இருக்காது. வேலைதான் அதை அப்படி வைத்திருந்தது.

ஓரளவு ஓட்டத் தெரிந்து, பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாத குடும்பங்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

## வழி 3: அந்தியூரில் வாங்கும் நாட்டுக் குதிரை

ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு ஒருமுறை போய் வாருங்கள், வாங்காவிட்டாலும் பரவாயில்லை. மார்வார், கத்தியவார், வெள்ளை வெளேரென்ற நொக்ரா, நாலு காலும் முகமும் வெளுத்த பஞ்சகல்யாணி என்று வரிசையாகக் கட்டியிருப்பார்கள். அங்கே குதிரைக்கு முதல் சோதனை சுழி. நெற்றியில் எங்கே, கழுத்தில் எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். சுழி சுத்தமாக இருந்தால் விலை ஏறும். எனக்குச் சுழியில் நம்பிக்கை இல்லை. ஆனால் விற்கும்போது வாங்குபவருக்கு இருக்கும், அதனால் சுழி கெட்ட குதிரையை மலிவாக வாங்கினால் மலிவாகவேதான் விற்க வேண்டும்.

நம் நிலத்துக்கு இவை பொருந்தும். மார்வாரும் கத்தியவாரும் ராஜஸ்தான், குஜராத் வறட்சியில் உருவான இனங்கள். வெயில் தாங்கும், குளம்பு கடினம், தீனி குறைவு. உள்பக்கம் வளைந்து நுனிகள் தொடும் காது இரண்டுக்கும் அடையாளம். மார்வாரில் பலவற்றுக்கு ரேவால் என்ற நடை பிறவியிலேயே இருக்கும், அதில் உட்கார்ந்தால் இடுப்பு குலுங்காது. கரம்பிலும் வரப்பிலும் மெதுவாகச் சுற்றிவர இதுவே சுகம்.

ஒரு கணக்கை மட்டும் மறக்க வேண்டாம். சவாரியாளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான அளவு. 350 கிலோ நாட்டுக் குதிரைக்கு அது 70 கிலோ. சேணம் எட்டுப் பத்து கிலோ போனால் உங்களுக்கு 60 கிலோதான் மிச்சம். 85 கிலோ அப்பாவுக்கு ஆசைப்பட்டு வாங்கும் குதிரை, எட்டாம் வகுப்புப் பையனுக்குத்தான் பொருந்தும்.

மறைந்த செலவு பழக்கத்தில் இருக்கிறது. சந்தைக்கு வரும் ஆண் குதிரைகளில் காயடிக்காதவை அதிகம். பெட்டைக் குதிரை வாடை பட்டால் உங்கள் பேச்சு எடுபடாது. கல்யாண ஊர்வலத்துக்கும் ஆட்டத்துக்கும் பழக்கியவை முள் வைத்த வாய் இரும்புக்குப் பழகி வாய் மரத்துப்போயிருக்கும். சிலவற்றை மேளம் கேட்டால் நிறுத்தவே முடியாது. பந்தயக் குதிரைக்காவது பிறப்பு, வயசு, ஓடிய ஓட்டம் எல்லாம் பதிவில் உண்டு. இங்கே வயசைப் பல்தான் சொல்ல வேண்டும். "ஆறு வயசு" என்றால் மேல்தாடையின் ஓரப் பல்லைப் பாருங்கள். ஈறிலிருந்து பழுப்புக் கோடு இறங்கத் தொடங்கியிருந்தால் பத்தை நெருங்கிவிட்டது என்று பொருள்.

எங்கிருந்து வாங்கினாலும் கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனைச் சான்று இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது. உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்வார்கள்.

## வழி 4: வாங்காமல் மாத வாடகை

சவாரிப் பள்ளியிலோ தனியாரிடமோ ஒரு குதிரையை மாதக் கணக்கில் பங்குக்கு எடுப்பது. வாரத்தில் மூன்று நாள் உங்களுடையது, செலவில் பாதி உங்களுடையது. நள்ளிரவு கோலிக் அவர்களுடையது. "சொந்தக் குதிரை" என்று ஊரில் சொல்லிக்கொள்ள முடியாது என்பதைத் தவிர இதில் பெரிய நட்டம் எனக்குத் தெரியவில்லை. லாடம், டாக்டர் செலவு யார் தலையில் என்பதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சண்டை வந்த இடங்களிலெல்லாம் அதுதான் காரணம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | நேராக மைதானத்திலிருந்து | மறுபயிற்சி பெற்றது | நாட்டுக் குதிரை | வாடகை |
|---|---|---|---|---|
| வாங்கும் விலை | மிகக் குறைவு, சிலசமயம் இல்லை | அதிகம் | சுழி, நிறம், நடை பொறுத்து எதுவும் | இல்லை |
| முதல் வருஷச் செலவு | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு | பாதி |
| தேவைப்படும் சவாரி | தேர்ந்தவர் | ஓரளவு | பழக்கம் பொறுத்தது | தொடக்கம் போதும் |
| கடலோர வெயில் | கஷ்டம் | கஷ்டம் | தாங்கும் | அவர்கள் கவலை |
| சுமை | 80 கிலோ ஆள் வரை | கால் பொறுத்து அதேதான் | 60 கிலோ ஆள் வரை | குதிரை பொறுத்து |
| கைவிட வேண்டி வந்தால் | மிகக் கடினம் | பள்ளியே திரும்ப எடுக்கலாம் | சந்தை உண்டு | சாவியைக் கொடுத்தால் போதும் |

## தீனியில் ஒரு கண்ணி

பட்டியலில் அடங்காத ஒன்று. நம் ஊரில் மாட்டுக்கு வளர்க்கும் கோ-4 போன்ற நேப்பியர் வகைப் புல்லை, "நிலம் இருக்கு, புல் இருக்கு" என்று குதிரைக்கும் அதையே முழுத்தீனியாகப் போடுகிறார்கள். அதிலுள்ள ஆக்ஸலேட் சுண்ணாம்புச் சத்தைக் குடலிலேயே கட்டிப்போடும். கூடவே நிறைய தவிடும் சேர்ந்தால் குதிரை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும். முகத்தெலும்பு இரண்டு பக்கமும் உப்பி, காரணம் தெரியாமல் நொண்டும். மாட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. பாதியளவாவது அருகம்புல், குதிரைமசால் என்று கலந்து கொடுங்கள். பெயரிலேயே குதிரை இருக்கிறது, மறக்காது. கொள்ளும் கொடுக்கலாம், ஆனால் அதை ஊறவைத்து அளவாக. உழைக்காத குதிரைக்குக் கொள்ளைக் கொட்டினால் சைஸுக்குத்தான் உதை விழும்.

தெரியாமல் கெடுப்பது நமக்குப் புதிதும் அல்ல. பாண்டிய நாட்டுக் கரைக்குக் கப்பல் கப்பலாக அரபுக் குதிரைகள் வந்த காலத்தில், பேணத் தெரிந்த ஆளில்லாமல் அவை செத்து மடிந்ததையும், அதனாலேயே ஆண்டுதோறும் புதிது புதிதாக வாங்க வேண்டியிருந்ததையும் மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். விற்றவர்களுக்கு அது நல்ல வியாபாரம்.

## வைத்துக்கொள்ள முடியாமல் போனால்

1986-இல் கென்டக்கி டெர்பியை வென்ற ஃபெர்டினாண்ட், பந்தயம் முடிந்து சில ஆண்டுகளில் இனப்பெருக்கத்துக்காக ஜப்பானுக்குப் போனது. அங்கே கேட்பாரில்லாமல் கை மாறி, 2002-இல் கசாப்புக்குப் போனதாகப் பிறகு தெரியவந்தது. அமெரிக்காவின் மிகப் பெரிய பந்தயத்தை வென்ற குதிரைக்கே அந்தக் கதி. அதன்பிறகு விற்பனை ஒப்பந்தத்தில் "திரும்ப விற்பதானால் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும்" என்று எழுதும் வழக்கம் அங்கே பரவியது. நீங்களும் எழுதலாம். ஒரு பக்கத் தாள், இரண்டு கையெழுத்து.

ரேஸ் குதிரையை வாங்க நம் ஊரில் ஆள் குறைவு. கால் நொண்டும் ரேஸ் குதிரையை வாங்க ஆளே இல்லை. கடற்கரையில் பத்து நிமிஷச் சவாரிக்கு விடுபவர் வந்து கேட்பார். நீங்கள் அவரிடம் கொடுக்க மாட்டீர்கள் என்றால் ஆயுளுக்கும் நீங்களேதான் பார்க்க வேண்டும்.

## செங்கல்பட்டு வாசகருக்கு

உங்களிடம் நிலம் இருக்கிறது, பயிற்சியாளர் இல்லை, சவாரியில் ஒரு வருஷம். அந்த அஞ்சு வயசுக் குதிரையை இப்போது எடுக்காதீர்கள். ஆறு மாதம் பங்குக்கு ஒரு குதிரையை எடுத்து வாரம் மூன்று நாள் ஓட்டுங்கள், லாயத்து வேலையும் அதே நாட்களில் செய்யுங்கள். அதற்குள் புல் நடலாம், நிழல் போடலாம், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியில் லாயம் கட்டலாம். ஆறு மாதம் கழித்தும் ஆசை இருந்தால், தாண்டல் பழகும் எண்ணமானால் மறுபயிற்சி பெற்றது, வரப்போரம் சுற்றிவர என்றால் காயடித்த நாட்டுக் குதிரை.

"அதுவரை அந்தக் குதிரையை யார் பார்ப்பாங்க?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மனசு கேட்கவில்லையென்றால் அதற்கும் ஒரு வழி உண்டு. உங்கள் பக்கத்துச் சவாரிப் பள்ளி ஏதாவது அதை எடுத்துப் பழக்கத் தயாரா என்று கேளுங்கள், பழக்கும் வருஷத்துத் தீனிச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பேச்சைத் தொடங்குமுன் முன்னங்கால் இரண்டுக்கும் ஸ்கேன். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பெரிய மிருகங்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். வாடகை வண்டிக்கும் அன்றே சொல்லிவிடுங்கள், போக மட்டுமில்லை, திரும்பி வரவும்.